முதல் வாய்க்குப் பிறகுதான் மூடி

அந்த வண்டியில் முதன்முதலாகச் சாப்பிடப் போன அன்றே நான் சண்டை போட்டேன். சாப்பாட்டுக்காக இல்லை, மூடிக்காக.

எங்கள் அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி, மதியம் ஆனால் மூன்று சாப்பாட்டு வண்டிகள் வந்து நிற்கும். ஒன்று பர்கர் வண்டி. ஒன்று சாண்ட்விச் வண்டி. மூன்றாவது, பச்சை பெயின்ட் அடித்த பழைய வேன். அதன் பக்கவாட்டில் ‘ஏசியன் ஃப்யூஷன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஒரு நாட்டு நூடுல்ஸை இன்னொரு நாட்டு ரொட்டிக்குள் சுருட்டி, மூன்றாவது நாட்டுச் சாஸை மேலே ஊற்றி, மூன்று நாட்டுக்காரர்களையும் ஒரே நேரத்தில் கோபப்படுத்துவதற்குத்தான் ஃப்யூஷன் என்று பெயர் என்று நான் நினைத்திருந்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் டிபன் டப்பா இல்லாமல் வந்த ஒரு நாள், வேறு வழியில்லாமல் அந்த வரிசையில் போய் நின்றேன்.

நான் லிப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தின் லிப்ட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. லிப்ட் ஒழுங்காக ஓடினால் ஒருவரும் என்னை நினைக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும் என் தலை உருளும். எங்கே கோளாறு, எங்கே கோளாறு என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்து அலைந்து என் குணமே அப்படி ஆகிவிட்டது. “நல்லதா ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிடுமா?” என்று மனைவி கேட்பாள். கட்டடத்தில் எனக்கு ‘நொட்டை’ என்று பட்டப்பெயர். எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்வதால். அது என் காதுக்கு வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியின் முன்பக்கம் நின்று ஆர்டர் வாங்கியவர் ஒல்லியான, உயரமான மனிதர். வாயில் எப்போதும் விசில். உள்ளே, புகை கிளம்பும் பெரிய வாணலிக்கு முன்னால் அவருடைய மனைவி. என் முறை வந்ததும் அவள் நூடுல்ஸ் பெட்டியைத் திறந்தபடியே நீட்டினாள். மேலே சிவப்புச் சாஸ், பொடித்த வேர்க்கடலை. இடது கையில் அதன் மூடியை வைத்திருந்தாள். கொடுக்கவில்லை.

“மூடியைக் குடும்மா. மேல போய் சாப்பிட்டுக்கறேன்.”

“முதல் வாய் இங்க சாப்பிடுங்கண்ணே. அப்புறம்தான் மூடி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காசு கொடுத்து வாங்கிய சாப்பாட்டை எங்கே நின்று தின்ன வேண்டும் என்று கடைக்காரி சொல்வதா? “இது என்னம்மா அநியாயம்? எனக்கு ஊட்டியும் விடுவியா?” என்று எகிறினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “புதுசா சார் நீங்க? மூடியக்காகிட்ட வாதாடிப் பிரயோஜனம் இல்லை. சாப்பிட்டுருங்க” என்றாள் எங்கள் கட்டடத்து ரிசப்ஷன் பெண். மூடியக்கா என்றுதான் எல்லோரும் அவளை அழைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பசி வேறு. முள்கரண்டியால் ஒரு வாய் அள்ளிப் போட்டேன். அவள் வாணலியை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் டாக்டரின் பரிசோதனை மேஜையில் படுத்திருந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

“உப்பு கம்மி” என்றேன், கோபத்தில்.

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பெட்டியை வெடுக்கென்று வாங்கி வாணலியில் கொட்டி, எதையோ தெளித்து, ஒரு புரட்டுப் புரட்டி மறுபடி நீட்டினாள். “இப்ப?”

“இப்பப் பரவாயில்லை.”

மூடி கைக்கு வந்தது. மறுநாள் மனைவி டிபன் கட்டிக் கொடுத்தும் நான் அங்கே போய் நின்றேன். காரணம் அந்தச் சிவப்புச் சாஸ். மிளகாய், பூண்டு, வேர்க்கடலை, வினிகர், சர்க்கரை, புளிக்கவைத்த சோயா விழுது எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டு, கடைசியில் ராசியாகிப் போன மாதிரி ஒரு ருசி. அதை அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை. ஒரு நாள் இனிப்பு தூக்கல் என்றேன். ஒரு நாள் பூண்டு கருகிவிட்டது என்றேன். ஒரு நாள், கூட வைக்கும் டம்ப்ளிங் கொழுக்கட்டையின் மாவு ரப்பர் மாதிரி இருக்கிறது என்றேன். சொன்ன குறையெல்லாம் உண்மைதான். என் நாக்கு பொய் சொல்லாது, அவ்வளவுதான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், குறை சொல்லும் எனக்கு மட்டும் அவள் ஒரு டம்ப்ளிங் கூடுதலாக வைப்பாள். ரிசப்ஷன் பெண்ணுக்கு வயிற்றெரிச்சல். “தினமும் சூப்பர் சூப்பர்னு சொல்றோம், எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. இவரு மூஞ்சியைச் சுளிக்கிறாரு, இவருக்கு எக்ஸ்ட்ராவா?” என்று விசில்காரரிடம் கேட்டே விட்டாள். அவர் கண்ணைச் சிமிட்டி, “அவரு எங்க ஆளு” என்றார். என் வாயை அடைக்கத்தான் இந்த டம்ப்ளிங் லஞ்சம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஆனாலும் தின்றேன்.

பிறகு கம்பெனி என்னை வேறு ஊருக்கு அனுப்பியது. புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையில் லிப்ட் பொருத்தும் வேலை. மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அங்கே இருந்தபோதுதான் ரிசப்ஷன் பெண் போன் செய்தாள். விசில்காரர் போய்விட்டார். காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். அதற்கு மேல் எழுந்திருக்கவில்லை. போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் லிப்ட் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரிடம் நான் ஆர்டரைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

வேலை முடிந்து திரும்பி வந்த அன்று மதியம் முதல் காரியமாகப் பச்சை வண்டியைத் தேடினேன். நின்றிருந்தது. வரிசை முன்பைவிட நீளம். அவளே ஆர்டர் வாங்கி, அவளே புரட்டி, அவளே நீட்டிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் வரிசையில் ஒருவர் விடாமல் எல்லோருடைய முகத்திலும் சிரிப்பு. முதல் வாய், சிரிப்பு, “சூப்பர்க்கா”, மூடி. அடுத்தவர். முதல் வாய், சிரிப்பு, “பிரமாதம்க்கா”, மூடி. எனக்கு மனது நிறைந்துபோனது. ஒற்றை ஆளாக நின்று தாக்குப்பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வரிசைக்கு வரலாம் என்று கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனேன். அங்கே பெரிய குப்பைத் தொட்டி ஒன்று உண்டு. மூடி மூட முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தால், அத்தனையும் பச்சை வண்டியின் பெட்டிகள். ஒன்றைத் திறந்தேன். நூடுல்ஸ் அப்படியே இருந்தது, ஓரத்தில் ஒரு வாய் அளவு மட்டும் குறைந்து. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அடுத்ததும். கட்டடத்துப் பூனை ஒரு பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் கையில் பெட்டியோடு மூலை திரும்பி வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்ப சார் வந்தீங்க?”

“அது இருக்கட்டும். என்ன நடக்குது இங்க?”

“மெதுவா பேசுங்க சார். அக்காவுக்குக் கேட்டுடப் போகுது.” குரலைத் தாழ்த்தினாள். “வாயில வைக்க முடியலை சார். அவரு போன பிறகு திரும்ப வண்டி போட்டாங்கள்ல, அப்பலேருந்தே இப்படித்தான். நாளுக்கு நாள் மோசம்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறவங்ககிட்ட நூடுல்ஸ் நல்லா இல்லைன்னு சொல்ல உங்களுக்கு மனசு வருமா? சரி, உங்களுக்கு வரும். எங்களுக்கு வரலை. யாரும் ஒரு குறையும் சொல்லக் கூடாது, முகம் வாடக் கூடாதுன்னு எல்லா மாடியிலயும் பேசி வச்சிருக்கோம்.”

“பிடிக்கலைன்னா வாங்காம இருக்கலாமே!”

“வாங்கலைன்னா வியாபாரம் படுத்துடும்ல?”

வாங்குகிறார்கள், ஒரு வாய் விழுங்குகிறார்கள், சிரிக்கிறார்கள், மூலை திரும்பியதும் குப்பையில் போட்டுவிட்டு பர்கர் தின்னப் போகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, ஒரு கட்டடமே சேர்ந்து நடத்தும் நாடகம்.

அவள் சொன்ன அடுத்த விஷயம் இதைவிட மோசம். நடைபாதையை இடித்து பஸ்ஸுக்கு வழி விடப் போகிறார்களாம். வண்டிகள் இனி அங்கே நிற்க முடியாது. கட்டட மேனேஜர் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் வளாகத்துக்குள் இடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளை மதியம் அவரும் இன்னும் இரண்டு பேரும் மூன்று வண்டியிலும் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள்.

“அக்கா ரொம்ப நம்பிக்கையா இருக்காங்க சார். எல்லாருக்கும் என் கைதான் பிடிக்குதுன்னு. இந்த இடம் போயிட்டா வண்டியை வித்துட்டுத் தங்கச்சி வீட்டோட போய் இருக்கணும்னு சொன்னாங்க.”

“மேனேஜரும் உங்களை மாதிரி சிரிச்சுக்கிட்டே இடம் குடுத்துடுவாரா?”

அவள் கையிலிருந்த பெட்டியைத் தொட்டியில் போடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றாள்.

நான் நேராக வரிசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் மூடியக்காவின் முகம் மலர்ந்தது. “அண்ணே! வந்துட்டீங்களா!” பெட்டியை நீட்டினாள், கூடுதல் டம்ப்ளிங்கோடு. மூடி இடது கையில். நான் முதல் வாயை எடுத்தேன்.

கடலை காறிப்போயிருந்தது. கெட்டுப்போன எண்ணெயின் கசப்பு தொண்டையைப் பிடித்தது. அதற்கு மேல் வினிகர், மூக்கு வரை ஏறியது. எதையும் யோசிக்கவில்லை. சாக்கடை ஓரமாகத் திரும்பித் துப்பினேன்.

“என்னம்மா இது? கடலை அழுகிப்போச்சா? வினிகரை பாட்டிலோட கவுத்துட்டியா? இதை மனுஷன் திம்பானா?”

அடுத்த நொடி வரிசை முழுக்க என்மேல் பாய்ந்தது. “உங்களுக்கெல்லாம் இதயம்னு ஒண்ணு இருக்கா?” “இவ்வளவு நாள் நிம்மதியா இருந்துச்சு, வந்துட்டாரு நொட்டை!” ஒருவன் என் சட்டைக் காலரையே பிடித்தான்.

அவள் மட்டும் கோபப்படவில்லை. கையிலிருந்த மூடி நழுவி விழுந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துவிட்டான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடினாள். பின்கதவு திறந்தது.

“அண்ணே, உள்ள வாங்க.”

நன்றாகத் திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். உள்ளே இரண்டு பேர் ஒதுங்கி நிற்கத்தான் இடம். அடுப்பு, வாணலி, சாஸ் பானை, ஆணியில் தொங்கும் கரண்டிகள், மூலையில் ஒரு கடலை மூட்டை. அவள் சாஸ் பானையைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள்.

“சொல்லுங்க. வினிகர் எவ்வளவு ஜாஸ்தி? கடலை வாடை சாஸ்லயா, மேல தூவுற பொடியிலயா?”

“என்னைக் கேக்குறியே, நீயே வாயில வச்சுப் பாரேன்.”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“என்ன தெரியாது?”

“ருசி. வாசனையும் தெரியாது. ஓட்டல்ல சமையல் வேலை பாத்துட்டிருந்தேன். ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, அது போகும்போது ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. காரம் மட்டும் எரிச்சலாத் தெரியும். மத்தபடி எனக்கு நூடுல்ஸும் சணல் கயிறும் ஒண்ணுதான்.”

“எப்ப?”

“இந்த வண்டி வாங்குறதுக்கு முன்னாடி.”

நான் பைத்தியமாக அலைந்த அந்தச் சிவப்புச் சாஸ்! வாணலிக்கு முன்னால் நின்று அவ்வளவு நிதானமாக அவள் செய்த அத்தனையும்!

“அப்ப இந்தச் சாஸ்...”

“இது என்ன ருசின்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட ருசிச்சதில்லை. அவரு ருசிச்சுச் சொல்லுவாரு, நான் கூட்டுவேன், குறைப்பேன். பானைக்கு அவரு. பெட்டிக்கு நீங்கள்லாம். அதுக்குத்தான் முதல் வாய். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ருசி தெரியாதவ சமைக்கிறான்னா யாரு வாங்குவா?”

சாஸ் பானைக்குள் எட்டிப் பார்த்தேன்.

“முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்னு நினைச்சேன்” என்றாள். “வாய் பொய் சொன்னாலும் கண்ணு சொல்லாதுன்னு அவரு சொல்லுவாரு. இவங்க கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. காரம் போலன்னு நினைச்சேன்.”

“எனக்கு டம்ப்ளிங் வச்சது?”

“அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்வீங்க.”

“என் வாயை மூடத்தான்னு நினைச்சேன்மா.”

“மூட இல்லண்ணே. திறக்க.”

கடலை மூட்டையை அவிழ்த்து ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். காறல் அங்கேயிருந்துதான். “இதைத் தூக்கிப் போடு” என்றேன். அவள் மூட்டையின் வாயை மறுபடி கட்டினாள், நிதானமாக. “அவரு கடைசியா வாங்கிப் போட்ட மூட்டை. கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். தீர்ந்துடக் கூடாதுன்னு.” மூட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

இறங்கும்போது கேட்டேன். “நல்லா இருந்தா அவரு என்ன சொல்லுவாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கரண்டியை மறுபடி நீட்டுவாரு.”

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே வண்டிக்குப் போனேன். புதுக் கடலை, புது வினிகர். அவள் வறுத்தாள், அரைத்தாள், தாளித்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ருசித்தேன். உப்பு. இன்னும் கொஞ்சம். பூண்டு பச்சையாக இருக்கிறது. சர்க்கரை. போதும். அவள் கை என் வாயை விட்டு ஒரு நொடி பின்தங்கவில்லை. பிறகு அடுப்பைத் தணித்து ஒரு கரண்டி நீட்டினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு சாஸை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. விசில்காரர் இருந்த காலத்தில்கூட. உச்சந்தலை வரை ஏறியது. என்னையும் அறியாமல், பிறந்ததிலிருந்து என் வாயிலிருந்து வராத வார்த்தை வந்துவிட்டது.

“சூப்பர்மா!”

அவள் என்னையே பார்த்தாள். என் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான். அவள் முகம் சுண்டிப்போனது. துணியால் பானையின் காதுகளைப் பிடித்தாள், பின்கதவை முழங்காலால் தள்ளினாள், அத்தனை சாஸையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

“அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டே!”

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களாண்ணே?” அவள் குரல் உடைந்தது. “உண்மையைச் சொன்னது பாவம்னு தோணிடுச்சா உங்களுக்கும்?”

“அட அறிவு கெட்டவளே! நல்லா இருந்துச்சும்மா! நிஜமாவே நல்லா இருந்துச்சு! என் ஆயுசுல அப்படி ஒண்ணைத் தின்னதில்லை! அதைக் கொண்டுபோய் சாக்கடையில கொட்டுறியே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” பர்கர் வண்டிக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஸ்டூலை உதைத்தேன். மேனேஜர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றேன். உன்னைப் போல முட்டாளை நான் லிப்ட் குழியில்கூடப் பார்த்ததில்லை என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் படித்தாள். மெல்ல மெல்ல அவள் கண் விரிந்தது.

“இந்தத் திட்டு பொய் இல்லை” என்றாள். பானையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சாக்கடையில் சிவப்பாக ஓடியதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நல்லா இருந்ததா? ஐயையோ!”

“ஐயோன்னு உக்காந்தா ஆச்சா? எந்திரி.”

கடலை பாதிதான் மிச்சம். மிளகாயும் அப்படியே. இருந்ததை வைத்து மறுபடி ஆரம்பித்தாள். அவசரத்தில் வினிகர் தூக்கலாகிவிட்டது. “வினிகர்!” என்று அதட்டினேன். சர்க்கரை போட்டாள். “எட்டலை.” மறுபடி போட்டாள். “இப்ப உப்பு ஒதுங்கி நிக்குது.” சோயா விழுது கொஞ்சம் சேர்த்தாள். எனக்கு ஆத்திரமும் பசியும் ஒன்றாக ஏறியிருந்தன. கரண்டியை வாங்கி நக்கினேன். காலிக் கரண்டியைத் திரும்ப நீட்டினேன்.

அவள் கிளறுவதை நிறுத்திவிட்டாள். எதற்கு நிறுத்தினாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தேன். அவள் அந்தக் கரண்டியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு கரண்டி நிறைய ஊற்றினாள்.

மேனேஜரும் மற்ற இருவரும் சாண்ட்விச் வண்டியையும் பர்கர் வண்டியையும் முடித்துவிட்டு, கடித்த பர்கரைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். அவள் பெட்டிகளைத் திறந்து நீட்டினாள். மூடி இடது கையில்.

“மூடி?” என்றார் மேனேஜர்.

“முதல் வாய் இங்க சார்.”

மேனேஜர் திகைத்து மற்ற இருவரையும் பார்த்தார். அவரைப் போய் ஒருத்தி நிற்கவைத்துச் சாப்பிடச் சொல்கிறாள்! அவர் சாப்பிட்டார். மற்றவர்களும் சாப்பிட்டார்கள். சிரித்தார்கள். “நல்லா இருக்கும்மா” என்றார் மேனேஜர். பர்கர் வண்டியிலும் அதையேதான் சொல்லியிருந்தார், அதே சிரிப்போடு. மூடிகளை வாங்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் நடந்தார்கள்.

அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தச் சிரிப்பில் ஒன்றும் தெரியவில்லை. இனி எந்தச் சிரிப்பிலும் தெரியாது. என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் மறுபக்கமாக ஓடி, ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினேன். என் மனைவி பார்த்திருந்தால் அன்றோடு என்னைத் தலைமுழுகியிருப்பாள்.

அவர்கள் மெதுவாக வந்தார்கள். முதலில் பர்கர்கள் விழுந்தன, பாதிக்கு மேல் மிச்சத்தோடு. பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எட்டிப் பார்க்கப் பயம். அப்புறம் மூடிய பெட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. “ஜெனரேட்டர் பக்கத்துல வேண்டாம், புகை அடிக்கும்” என்றார் மேனேஜர், வாயைத் துடைத்துக்கொண்டே. “அந்தப் பச்சை வண்டியை உள்ள மரத்தடியில நிறுத்தச் சொல்லிடுங்க.”

அவர்கள் போனதும் தொட்டிக்குள் கையை விட்டேன். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினேன். அவள் அதே இடத்தில், ஜன்னலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வரிசையில் ரிசப்ஷன் பெண்ணும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சொன்னதைக் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் யார் என்ன சொன்னாலும் அவள் இனி நம்ப மாட்டாள், நான் சொன்னாலும்தான்.

அதனால் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து, அவள் பார்க்கும்படி பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒரு கடலைகூட விழவில்லை.